இஸ்தான்புல்லில் சாதாரண ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருக்கித் தொடர்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களும், இஸ்தான்புல்லுக்குச் சுற்றுலா கிளம்புகிறவர்களும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. சுல்தான்களைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். என்னைப் பல வருடங்களாகப் பிடித்து வைத்திருப்பது அந்த ஊரின் தெருக்கள்தான். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

கான்ஸ்டான்டிநோபிளும் இஸ்தான்புல்லும் ஒரே ஊர்தானா? எப்ப பேரை மாத்துனாங்க?

ஒரே ஊர்தான். பைசாந்தியம் என்ற பழைய துறைமுக ஊரை ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் பெரிதாக்கிக் கட்டி, கி.பி. 330 மே 11 அன்று தன் தலைநகராகத் தொடங்கிவைத்தார். அதிலிருந்து 1453 வரை அது கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரம். நடுவில் 1204 முதல் 1261 வரை மட்டும் சிலுவைப் போர்க்காரர்கள் கையில் இருந்தது. 1453-ல் துருக்கியரான ஒட்டோமான்கள் ஊரைப் பிடித்தார்கள். அதற்கு அப்புறம் ஒட்டோமான் பேரரசு முடியும் வரை அவர்களுடைய தலைநகரம். 1923 அக்டோபரில்தான் தலைநகரம் அங்காராவுக்குப் போனது. ஆக, ஏறத்தாழ 1,600 ஆண்டுகள்.

பெயரை 1453-லேயே மாற்றிவிட்டார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அதற்கு வெகுகாலம் பின்னும் ஒட்டோமான் நாணயங்களில் 'கொஸ்தன்தினிய்யே' என்றுதான் அச்சடித்தார்கள். 'இஸ்தான்புல்' என்பது ஜனங்களின் பேச்சுவழக்கு. 'ஊருக்குள்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்றொடரிலிருந்து வந்தது. நம் பக்கத்தில் சென்னையைப் பெயர் சொல்லாமல் 'பட்டணம்' என்றே சொன்னார்கள் இல்லையா, அதே மாதிரி. 1930-ல்தான் துருக்கி அரசு, வெளிநாட்டுக் கடிதங்களிலும் இஸ்தான்புல் என்றே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

தலைநகரம்னா அரண்மனைதானே? சாதாரண ஜனங்க எங்க இருந்தாங்க?

அரண்மனை ஊரின் ஒரு முனையில் மதிலுக்குள் இருந்தது. ஊர் என்பது மஹல்லாக்கள். தமிழ் முஸ்லிம்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஒரு பள்ளிவாசலின் எல்லைக்கு உட்பட்ட குடும்பங்களை இங்கேயும் மஹல்லா என்றுதான் சொல்கிறார்கள். அதே அரபுச் சொல்தான். இஸ்தான்புல்லில் 16-ஆம் நூற்றாண்டில், கோட்டை மதிலுக்குள் மட்டும் 200-க்கு மேற்பட்ட மஹல்லாக்கள் இருந்தன.

ஒரு மஹல்லா என்றால் சில சந்துகள், சில பத்து வீடுகள். நடுவே ஒரு சிறிய பள்ளிவாசல், அல்லது சர்ச், அல்லது யூதர்களின் தொழுகைக்கூடம். பக்கத்திலேயே தண்ணீர் பிடிக்க ஒரு குழாயடி, ரொட்டி சுடும் அடுப்புக்கடை, பிள்ளைகள் எழுத்துப் படிக்கும் பள்ளி. அரசாங்கத்துக்கும் தெருவுக்கும் நடுவே நின்றவர் இமாம். கிறிஸ்தவ, யூத மஹல்லாக்களில் பாதிரியாரோ ரப்பியோ. யார் குடியிருக்கிறார்கள், யார் புதிதாக வந்தார்கள், யாரிடம் வரி பாக்கி என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

1453-ல ஊரைப் பிடிச்சப்போ அங்க இருந்தவங்க என்ன ஆனாங்க?

மே 29 அன்று மதில் விழுந்தது. அப்புறம் நடந்தது கொள்ளை. உயிரோடு அகப்பட்டவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாக்கப்பட்டார்கள். இதை மறைத்துச் சொல்வது சரியில்லை. அதற்கு முன்பே ஊர் மிகவும் சுருங்கிப்போயிருந்தது. 1204 கொள்ளையின் அடியிலிருந்து அது முழுதாக எழவே இல்லை. மதிலுக்குள்ளேயே வயலும் தோட்டமுமாகக் கிடந்த இடங்கள் அதிகம்.

காலியான ஊரை வைத்துக்கொண்டு, அதைப் பிடித்த மெஹ்மத் சுல்தான் என்ன செய்வார்? ஆட்களைக் கொண்டுவந்தார். அனதோலியாவிலிருந்தும் (இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி) பால்கனிலிருந்தும் (தென்கிழக்கு ஐரோப்பா) குடும்பம் குடும்பமாக, பெரும்பாலும் கட்டாயப்படுத்தி. இதற்கு 'சுர்குன்' என்று பெயர். அப்படி வந்தவர்கள் அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போக முடியாது. இஸ்தான்புல்லின் அக்சராய் பகுதி, அனதோலியாவின் அக்சராய் ஊரிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களால் பெயர் பெற்றது. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு 1454 ஜனவரியிலேயே புதிய தலைமைக் குருவை நியமித்தார், தப்பிப் போன கிரேக்கர்கள் திரும்பி வரட்டும் என்று. 1477-ல் காஜி (நீதிபதி) எடுத்த கணக்கில், எதிர்க்கரையில் இருக்கும் கலாதாவையும் சேர்த்து 16,000-க்கு மேல் வீடுகள். பாதிக்கு மேல் முஸ்லிம்கள். மீதி கிரேக்கர், யூதர், ஆர்மீனியர், கலாதாவில் இத்தாலியர்.

ஸ்பெயின்லேர்ந்து யூதர்கள் வந்தாங்கன்னு சொல்றாங்களே?

1492-ல் ஸ்பெயின் யூதர்களைத் துரத்தியது. சுல்தான் இரண்டாம் பயசீத் அவர்களை ஏற்றுக்கொண்டார். அவர்கள் கொண்டுவந்த பழைய ஸ்பானிய மொழி, லதினோ, 20-ஆம் நூற்றாண்டு வரை பாலாத், ஹாஸ்கோய் தெருக்களில் வீட்டு மொழியாக இருந்தது. வந்த வேகத்திலேயே அச்சுக்கூடமும் வைத்தார்கள். 1493-ல் ஊரின் முதல் எபிரேயப் புத்தகம் அச்சானது.

ஏற்கெனவே இருந்த யூதர்களில் பலர் மேலே சொன்ன கட்டாயக் குடியேற்றத்தில் வந்தவர்கள். அரசுக் கணக்குகளில் ஒரு பிரிவுக்கு 'சுர்குன்', மற்றதற்கு 'தானாக வந்தவர்கள்' என்றே தனித்தனியாக எழுதினார்கள். ஒரே மதம், ஒரே ஊர், ஆனால் யார் எப்படி வந்தார்கள் என்பது பல தலைமுறைக்கு ஒட்டிக்கொண்டே இருந்தது.

அவ்வளவு பெரிய ஊருக்குச் சாப்பாடு எங்கிருந்து வந்துச்சு?

கடல் வழியாக. ரோமர் காலத்திலேயே எகிப்துக் கோதுமையை நம்பித்தான் ஊர் இருந்தது. 332-லிருந்து தினமும் 80,000 பங்கு ரொட்டி இலவசமாகக் கொடுத்தார்கள். பாரசீகர்கள் எகிப்தைப் பிடித்த சமயத்தில், 618-ல், அது நின்றது. ஒட்டோமான் காலத்தில் கருங்கடல் கரையிலிருந்தும் டான்யூப் பக்கமிருந்தும் தானியம், எகிப்திலிருந்து அரிசி, சர்க்கரை, காபி, பால்கனிலிருந்து நடத்திக் கூட்டிவந்த ஆடுகள். மாவு இறங்கி நிறுவையாகும் துறைக்கு 'உன்கபான்' என்று பெயர். மாவு நிறுக்கும் இடம் என்று அர்த்தம். இன்றும் அந்தப் பகுதிக்கு அதே பெயர்.

விலையைக் காஜி நிர்ணயிப்பார். எடை குறைந்த ரொட்டி விற்றவருக்குத் தண்டனை நிச்சயம். பிரதம அமைச்சரே கடைத்தெருவில் இறங்கிப் பார்ப்பதும் உண்டு. இந்த அக்கறைக்குப் பின்னால் பயமும் இருந்தது. தலைநகரத்தில் ரொட்டி தட்டுப்பட்டால் சுல்தானின் நாற்காலி ஆடும். 1638 வாக்கில் ஊரின் எல்லாத் தொழில்காரர்களும் சுல்தான் முன்னால் ஊர்வலம் போனதைப் பயண எழுத்தாளர் எவ்லியா செலபி எழுதியிருக்கிறார். அவரே உன்கபானில் பிறந்தவர்தான். அந்த ஊர்வலத்தில் யார் முன்னால் போவது என்று கசாப்புக்காரர்களுக்கும் எகிப்து வியாபாரிகளுக்கும் பெரிய தகராறு. எகிப்துக்காரர்கள் பக்கம் தீர்ப்பானது என்கிறார். காரணம் புரிகிறதுதானே?

தண்ணிக்கு என்ன பண்ணாங்க? சுத்தி உப்புத் தண்ணிதானே?

ஆமாம், ஊரின் மூன்று பக்கமும் கடல்நீர். நல்ல தண்ணீர் தூரத்துக் காடுகளிலிருந்து வர வேண்டும். 373-ல் கட்டி முடித்த வேலன்ஸ் மேல்கால்வாய் இன்றும் நகரின் பெரிய சாலைக்கு மேலே நிற்கிறது. வந்த தண்ணீரை நிலத்தடித் தொட்டிகளில் சேர்த்து வைத்தார்கள். அதில் ஒன்று 336 தூண்களோடு இருக்கிறது. போகிறவர்கள் தவறாமல் பார்க்கும் இடம்.

16-ஆம் நூற்றாண்டில் தலைமைக் கட்டடக்காரர் சினான் 'நாற்பது குழாயடி' என்ற புதிய நீர்வழியைக் கட்டினார். 1563 வெள்ளத்தில் கட்டிய பாலங்களில் சில அடித்துப்போக, மறுபடி கட்டி முடித்தார். அந்தத் தண்ணீர் மஹல்லாக் குழாயடிகளுக்கு வந்தது. அங்கிருந்து வீடுகளுக்குத் தோல்பையில் சுமந்துபோய் ஊற்றுகிறவர்கள் தனித் தொழிலாக இருந்தார்கள். தக்சிம் சதுக்கம் என்று செய்தியில் கேட்டிருப்பீர்களே, அந்தப் பெயரே 'பங்கீடு' என்றுதான் அர்த்தம். 1730-களில் அங்கே கட்டிய தொட்டியிலிருந்து பல பகுதிகளுக்குத் தண்ணீரைப் பங்கிட்டார்கள்.

வக்ஃபுன்னா பள்ளிவாசல் சொத்துதானே? அதுக்கும் ஊர் வாழ்க்கைக்கும் என்ன சம்பந்தம்?

வக்ஃபு என்றால் அறக்காரியத்துக்கென்று நிரந்தரமாக எழுதிவைத்த சொத்து. இந்த ஊரில் எல்லாச் சம்பந்தமும் உண்டு. பள்ளிக்கூடம், மருத்துவமனை, அன்னதானக் கூடம், குழாயடி, பாலம் எல்லாமே பெரும்பாலும் வக்ஃபுதான். 1550-களில் எழுந்த சுலைமானியா வளாகத்தில் பள்ளிவாசலைச் சுற்றிக் கல்லூரிகள், மருத்துவமனை, சமையற்கூடம், குளியல்கூடம் அத்தனையும் இருந்தன. அந்தச் செலவுக்குக் கடைவாடகையும் கிராம வருமானமும் எழுதிவைக்கப்பட்டன. 1741-ல் கட்டிய ஜாலோலு குளியல்கூடத்தின் வருமானம் ஆயா சோபியா நூலகத்துக்குப் போனது. நமக்கு சோப்பின் பெயராகத் தெரிந்த 'ஹமாம்' இதுதான்.

பெரியவர்களின் வக்ஃபை விட எனக்குச் சின்ன வக்ஃபுகள்தான் பிடிக்கும். பள்ளிவாசல் விளக்குக்கு எண்ணெய், தெருவில் வெயிலில் போகிறவர்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் (நம் தண்ணீர்ப் பந்தலேதான், வருடம் முழுக்க, கல் கட்டடத்தில்), கட்ட முடியாதவர்களுக்காக மஹல்லாவின் வரியைக் கட்டும் நிதி. ரொக்கத்தை வக்ஃபாக வைத்து வட்டிக்கு விட்டு, அந்த வருமானத்தில் இதையெல்லாம் நடத்தினார்கள். மார்க்கத்தில் இது கூடுமா என்று 16-ஆம் நூற்றாண்டில் அறிஞர்களுக்குள் பெரிய வாதமே நடந்தது. கூடாது என்றவர்கள் தோற்றார்கள். இல்லையென்றால் பாதித் தெருக்களின் விளக்கு அணைந்திருக்கும்.

பொம்பளைங்க வெளியவே வர மாட்டாங்களாமே?

தொடர்களில் காட்டும் அந்தப்புரத்தை வைத்து இப்படி நினைத்துக்கொள்கிறோம். 1546-ஆம் ஆண்டு வக்ஃபுப் பதிவேட்டில் 2,517 அறக்கட்டளைகள் இருக்கின்றன. அதில் 913 பெண்கள் ஏற்படுத்தியவை. எல்லாரும் அரச குடும்பத்தார் என்று நினைக்க வேண்டாம். ஒரு வீட்டை, கொஞ்சம் ரொக்கத்தை எழுதிவைத்த சாதாரணப் பெண்கள் அதில் ஏராளம். சொத்து திருமணத்துக்குப் பின்னும் பெண்ணின் பெயரிலேயே இருந்ததால்தான் அது முடிந்தது. மஹர் (கணவன் மனைவிக்குத் தர வேண்டிய மணக்கொடை) பாக்கிக்காகவும் பங்குச் சொத்துக்காகவும் பெண்கள் நேரே காஜி முன்னால் நின்று வழக்காடியது நீதிமன்ற ஏடுகளில் பக்கம் பக்கமாக இருக்கிறது.

ஹமாமில் பெண்களுக்குத் தனி நாள், தனிப் பகுதி உண்டு. சாப்பாடு கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு போய், பொழுது சாயும் வரை இருப்பார்கள். மகனுக்குப் பெண் பார்க்கும் வேலையும் அங்கேயே நடக்கும். அதே சமயம், உடை பற்றியும் வெளியே போவது பற்றியும் பெண்களை அடக்கும் ஆணைகள் அடிக்கடி வந்தன. திரும்பத் திரும்ப ஆணை போட வேண்டியிருந்தது என்றால், பெண்கள் தொடர்ந்து வெளியே போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

போலீஸ் இல்லாத காலத்துல தெருவுக்குப் பாதுகாப்பு யாரு?

தெருவே தெருவுக்குப் பாதுகாப்பு. ஒருவருக்கு ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். புதிதாகக் குடிவருகிறவருக்குத் தெரிந்தவர் யாராவது பொறுப்பேற்க வேண்டும். தெருவில் கொலை நடந்து கொலையாளி அகப்படாவிட்டால் மஹல்லாவே பதில் சொல்ல வேண்டும். இரவுத் தொழுகைக்குப் பின் விளக்கில்லாமல் வெளியே நடந்தால் பிடிபடுவீர்கள். தெருக்காரர்கள் காசு போட்டு வைத்துக்கொண்ட 'பெக்சி' என்ற காவல்காரர், இரும்புப் பூண் போட்ட தடியைக் கல்தரையில் தட்டிக்கொண்டே இரவெல்லாம் சுற்றுவார். ரமலானில் சஹருக்கு (நோன்புக்கு முன் விடியற்காலையில் சாப்பிடும் சாப்பாடு) மேளம் தட்டி எழுப்புவதும் அவரே. நம் ஊர்களில் தப்ஸ் அடித்து எழுப்புகிற பக்கீர் பாவாக்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஏற்பாட்டின் மறுபக்கம் கண்காணிப்பு. 'இந்த ஆள் சரியில்லை' என்று அக்கம்பக்கத்தார் கூடிப்போய்க் காஜியிடம் சொன்னால் ஒருவரைத் தெருவை விட்டே வெளியேற்ற முடியும். தனியாளாக வேலை தேடி வந்த இளைஞர்களுக்குக் குடும்பங்கள் இருக்கும் தெருவில் இடமே கிடையாது. துறைமுகத்தை ஒட்டிய சத்திரங்களிலும் தனியாட்கள் அறைகளிலும்தான் அடைந்து கிடந்தார்கள். சென்னையில் 'பேச்சிலரா, வீடு இல்லை' என்று கேட்டுத் திரும்பியவர்களுக்கு அந்த வலி தெரியும்.

எப்பப் பார்த்தாலும் தீப்பிடிச்சுதுன்னு படிக்கிறேன். கல்லுல கட்டியிருக்கலாமே?

பள்ளிவாசலும் சந்தையும் கல்தான். வீடுகள் மரம். மரம் மலிவு, சீக்கிரம் கட்டலாம் என்பது ஒரு காரணம். பூகம்பம் மற்றொன்று. 1509 பூகம்பத்தை ஜனங்கள் 'சின்ன கியாமத்' (சின்ன உலக முடிவு) என்றே சொன்னார்கள். ஆடும் நிலத்தில் மரவீடு தாங்கும், ஆனால் தீ வந்தால் தெருத்தெருவாகப் போகும். 1660 ஜூலையில் பிடித்த தீ ஊரின் பெரும்பகுதியைத் தின்றது.

1720-ல், மதம் மாறிய பிரெஞ்சுக்காரரான தாவூத் என்பவர் கைப்பம்பு செய்து கொடுக்க, தீயணைப்புப் படை ஒன்று உருவானது. பிற்காலத்தில் மஹல்லாக்களே தங்கள் தங்கள் இளைஞர் குழுவை வைத்துக்கொண்டன. 'துலும்பாஜி' என்று பெயர். கோபுரத்தில் தீக்கொடி தெரிந்ததும் பெக்சி தெருத்தெருவாகக் கத்துவார். இவர்கள் பம்பைத் தோளில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடுவார்கள். எந்தத் தெருக் குழு முதலில் போய்ச் சேருகிறது என்பது மானப் பிரச்சினை. வழியில் இரண்டு குழுக்கள் சந்தித்தால் சண்டைகூட நடக்கும், அங்கே வீடு எரிந்துகொண்டிருக்கும்.

காபிக்கடையை எதுக்கு சுல்தான் மூடினார்? காபியில என்ன தப்பு?

1550-களின் நடுவில் அலெப்போவிலிருந்தும் டமாஸ்கஸிலிருந்தும் வந்த இரண்டு பேர் தஹ்தகலே பகுதியில் காபிக்கடை வைத்ததாக வரலாற்றாசிரியர் பெச்செவி எழுதுகிறார். அதுவரை தெருக்காரர்கள் கூடும் இடம் பள்ளிவாசல், இல்லையென்றால் ஒருவர் வீடு. இப்போது யார் வேண்டுமானாலும் வந்து உட்காரும் இடம் ஒன்று வந்தது. கதைசொல்லிகள் வந்தார்கள். ரமலான் இரவுகளில் கரகோஸ் நிழற்பாவைக் கூத்து நடந்தது. நம் தோல்பாவைக் கூத்தின் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் மாதிரி அங்கே கரகோஸும் ஹஜிவாதும். ஆர்மீனியர், யூதர், அல்பேனியர், அரபி என்று ஊரின் ஒவ்வொரு ஜனமும் அவரவர் பேச்சுவழக்கோடு அந்தத் திரையில் வந்துபோவார்கள்.

கூடினால் பேச்சு, பேச்சில் அரசாங்கமும் வரும். 1633-ல் பெரிய தீ விபத்துக்குப் பின், நான்காம் முராத் காபிக்கடைகளை மூடினார், புகையிலையையும் தடை செய்தார். தீயைக் காரணமாகச் சொன்னாலும் அவர் பயந்தது பேச்சுக்குத்தான் என்பது என் எண்ணம். கடைகள் திரும்ப முளைத்தன.

உண்மையைச் சொல்லுங்க, முஸ்லிம், கிறிஸ்தவர், யூதர் எல்லாம் ஒத்துமையா இருந்தாங்களா?

'பொற்காலம்' என்று ஒரு கூட்டம், 'முழுக்க அடக்குமுறை' என்று இன்னொரு கூட்டம். இரண்டையும் ஏற்க என்னால் முடியவில்லை. முஸ்லிம் அல்லாதவர்கள் தலைவரி கட்ட வேண்டும். உடை நிறம், வீட்டின் உயரம், புதிய சர்ச் கட்டுவது எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. மேலே சொன்ன 1660 தீக்குப் பின், எமினோனுவில் எரிந்துபோன யூதத் தெருக்களில் மறுபடி வீடு கட்ட விடவில்லை. அந்த இடத்தில் எழுந்ததுதான் இன்று துறைமுகத்தில் எல்லாரும் படம் பிடிக்கிற 'புதிய பள்ளிவாசல்'.

ஆனால் அன்றாடம் வேறு மாதிரியும் ஓடியது. பல தொழில் சங்கங்களில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள். தங்கள் நீதிமன்றம் இருந்தும் கிறிஸ்தவர்களும் யூதர்களும் காஜியிடம் வழக்கைக் கொண்டுபோனார்கள். வீட்டில் துருக்கி பேசி, அதைக் கிரேக்க எழுத்திலும் ஆர்மீனிய எழுத்திலும் எழுதியவர்கள் உண்டு. சமமாக வாழவில்லை, ஆனால் சேர்ந்து வாழ்ந்தார்கள்.

ரயிலு, டிராம் எல்லாம் வந்தப்போ இந்த மஹல்லா என்னாச்சு?

முதலில் இமாமின் அதிகாரம் குறைந்தது. 1829-ல் மஹல்லாவுக்கு 'முக்தார்' என்ற தலைவரை நியமித்தார்கள். 1845-ல் கலாதா பாலம், 1850-களில் நீராவிப் படகுகள், நகராட்சி, 1871-ல் குதிரை டிராம், 1875-ல் சுரங்க ரயில். லண்டனுக்கு அடுத்தபடி உலகின் இரண்டாவது சுரங்க ரயில் இது. வசதியானவர்கள் கலாதாவுக்கு மேலே இருக்கும் பேராவின் அடுக்குமாடிகளுக்கும் போஸ்போரஸ் நீரிணைக் கரைக்கும் நகர்ந்தார்கள். அதுவரை பணக்காரர் மாளிகையும் கூலிக்காரர் வீடும் ஒரே தெருவில் இருந்தன. அது கலைந்ததைத்தான் நான் பெரிய மாற்றமாக நினைக்கிறேன். 1885 கணக்கில் சுமார் 8 லட்சத்து 73 ஆயிரம் பேர். முஸ்லிம்கள் பாதிக்கும் குறைவு.

தெருநாய்களைத் தீவுல கொண்டுபோய் விட்டாங்கன்னு சொல்றது நிஜமா?

நிஜம். ஒவ்வொரு மஹல்லாவுக்கும் அதன் நாய்க்கூட்டம் இருந்தது. தெருக்காரர்கள் சோறு வைத்தார்கள். வேற்றுத் தெரு நாயையும் வேற்று ஆளையும் அவை விடாது. 1910-ல், நவீன நகரம் என்ற பெயரில், பல்லாயிரம் நாய்களைப் பிடித்து மர்மரா கடலில் தண்ணீரில்லாத பாறைத் தீவு ஒன்றில் விட்டார்கள். அவை பசியிலும் தாகத்திலும் செத்தன. இதை எழுதும்போதெல்லாம் எனக்கு மனம் பிசையும்.

இப்ப அங்க கிரேக்கர்களும் ஆர்மீனியர்களும் ஏன் இவ்வளவு கம்மி?

1915 ஏப்ரல் 24 இரவு ஆர்மீனிய அறிஞர்களையும் தலைவர்களையும் இஸ்தான்புல்லில் கைது செய்து நாடுகடத்தினார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை. அனதோலியாவின் ஆர்மீனியர்கள் அழிக்கப்பட்டதன் தொடக்கமாக அந்த நாளை நினைவுகூர்கிறார்கள். 1923-ல் கிரீஸும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொண்டபோது இஸ்தான்புல் கிரேக்கர்களுக்கு விலக்கு கிடைத்தது. ஆனால் 1942-ல் சொத்துவரி என்ற பெயரில் முஸ்லிம் அல்லாதவர்களிடம் பல மடங்கு கறந்தார்கள். 1955 செப்டம்பர் 6, 7 தேதிகளில் கும்பல்கள் அவர்களுடைய கடைகளையும் சர்ச்சுகளையும் அடித்து நொறுக்கின. 1964-ல் கிரேக்கக் குடியுரிமை வைத்திருந்தவர்களை வெளியேற்றியபோது அவர்களுடைய குடும்பங்களும் சேர்ந்து போயின. இன்று கிரேக்கர்கள் சில ஆயிரம் பேர்தான்.

பேரரசு சமமில்லாமல் நடத்தினாலும் அவர்களுக்கென்று ஓர் இடம் வைத்திருந்தது. அப்புறம் வந்த தேசியவாதத்தில் அந்த இடம்கூட இல்லாமல் போனது.

ஒரு நாள்தான் இருக்கு. இதையெல்லாம் எங்க பார்க்கலாம்?

காலையில் வேலன்ஸ் மேல்கால்வாயிலிருந்து தொடங்கி செய்ரெக் வழியாக இறங்குங்கள். பழைய மரவீடுகள் இன்னும் அங்கே நிற்கின்றன. கீழே உன்கபான். கரையோரம் வடக்கே நடந்தால் ஃபெனெர், கிரேக்கத் தலைமைக் குருவின் இருப்பிடம். அதை அடுத்து பாலாத். குழாயடிகளில் பலதில் தண்ணீர் வராது, கல்வெட்டு மட்டும் இருக்கும். முக்தார் அலுவலகப் பலகை கண்ணில் படும்; அந்தப் பதவிக்கு இன்றும் தேர்தல் நடக்கிறது. ஏற்ற இறக்கம் அதிகம், கல்தரை வழுக்கும், நல்ல செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். ரமலானில் போனால், விடிவதற்கு முன் ஜன்னலைத் திறந்து வையுங்கள். மேளக்காரர் தெருவில் வருவார்.